படியாத பேரம்

கஜானா காலி, வரியைக் கூட்டியே ஆக வேண்டும் என்று பேசி முடித்த அரசர், இறகு செருகிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். பிரபுக்களும் பாதிரிமார்களும் உடனே தங்கள் தொப்பிகளை வைத்துக்கொண்டார்கள். மண்டபத்தின் பின்னால் நின்ற நாங்கள் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்தபடி வெறுந்தலையோடு இருக்க வேண்டும். பிரான்சில் சாதாரண ஜனங்களின் பிரதிநிதிகளுக்கு அதுதான் முறை. வரி கட்டுவது நாங்கள் மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

என் பக்கத்தில் மாட்டு வியாபாரி பாஸ்தியான். அவருடைய ஊர்ச் சந்தையில், பேரம் படியாமல் ஒருவன் தொப்பியை மாட்டினால் எதிராளியும் மாட்டிக்கொள்வான். இந்த விலைக்கு ஆகாது என்று அர்த்தம். எத்தனை வருடப் பழக்கமோ! பாஸ்தியான் தன் கறுப்புத் தொப்பியைத் தலையில் வைத்து அழுத்தினார்.

"யோவ், கழட்டுய்யா! தலை போயிடும்!" என்றேன்.

"எதுக்கு? வெல இன்னும் படியலயே."

அதற்குள் அவருக்குப் பின்னால் ஒருவர் மாட்டிவிட்டார். அப்புறம் ஒரு வரிசையே மாட்டியது. என் கையும் தானாக மேலே போயிற்று. மண்டபத்தின் பின்பாதி முழுக்கக் கறுப்புத் தொப்பிகள்! "கழட்டுங்கடா!" என்று பிரபுக்கள் கூச்சலிட்டார்கள். ஒருவரும் கழற்றவில்லை.

அரசர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, புழுக்கமாக இருக்கிறது என்று முனகியபடி தன் தொப்பியை மெல்லக் கழற்றினார்.

பாஸ்தியானின் முகம் மலர்ந்தது.

"பாத்தியாய்யா, பேரத்துக்குத் திரும்பி வந்துட்டாரு!"

கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றாமலே, அவர் அரியணையை நோக்கி நடந்தார்.