கணக்குச் சீட்டு எழுதியவள்

"யாரு அவ?"

கணவன் ஐசாயாவின் சட்டைப் பையில் கிடைத்த சீட்டை வில்மா மேசைமேல் அடித்தாள். அவர்களுடைய கனடாப் பழங்குடி மொழியான க்ரீயில், அவளுக்கு வாசிக்க வராத எழுத்து.

"கூட்டல், கழித்தல், சரிபாதி... எல்லாம் கணக்கு வார்த்தைங்கதான்," என்றான் ஐசாயா. "பள்ளிக்கூடத்துல நான் நடத்துற கணக்கு வகுப்புல இங்கிலீஷுக்குப் பக்கத்துல க்ரீயிலயும் எழுதி ஒட்டப் போறேன்."

"எழுதிக் குடுக்கிறது யாருன்னு கேட்டேன்!"

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. நாங்க பேசினதே இல்ல."

"பேசாமத்தான் தினமும் ரொட்டி சுட்டுக் குடுக்கிறாளா? பையெல்லாம் ரொட்டித் தூள்! அதை மூக்குமுட்டத் தின்னுட்டு, என் சமையல்ல உப்பு இல்லங்கிறே!"

மறுநாள் வில்மா அவனைப் பின்தொடர்ந்து போய்த் தேவாலயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஐசாயா ஜன்னல் விளிம்பில் ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போனான். சற்று நேரத்தில், தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒருத்தி ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து அதை எடுத்தாள். வில்மா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அம்மா!"

"கையை விடுடி. மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுற வழக்கம் நம்மகிட்ட உண்டா? அதான் எழுதிக் குடுக்கிறேன். நீ சண்டைக்கு வருவேன்னுதான் பேரைச் சொல்ல வேணாம்னேன்."

"நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்ல? எங்கிட்டச் சொல்லி அனுப்பினா என்ன?"

"உங்கிட்டச் சொன்னா, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி இங்கிலீஷாயிடும்."

வில்மாவின் முகம் சுருங்கியது. "பெத்த பொண்ணுக்கு இந்த எழுத்தை ஒருநாளாவது சொல்லிக் குடுத்தியா நீ?"

"அவன் கேட்டான். நீ கேட்டியா?"

வில்மா ரொட்டிப் பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"அவனுக்குச் சீட்டு போதும். இது எனக்கு!"