வளைவுக்கு அப்புறம்

"தோளைக் கீழ இறக்குங்க சார். யாரும் புடுங்கிக்கிட்டுப் போயிட மாட்டாங்க."

அவர் இறக்கினார். பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றின் மேல் ஒரு கையும் நெஞ்சின் மேல் ஒரு கையும் வைத்திருந்தார்.

"நாலு எண்ணி இழுங்க. ஆறு எண்ணி விடுங்க. விடுறதுல கஞ்சத்தனம் வேண்டாம்."

யோகா சிகிச்சை டீச்சருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஐம்பத்திரண்டு வயது மனிதரை அதட்டி உருட்டுகிற உரிமையை முதல் வாரத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவரை இங்கே இழுத்துக்கொண்டு வந்தது அவர் மனைவி. "டாக்டர் எல்லாம் பாத்துட்டாரும்மா, இதயத்துல ஒண்ணுமில்லையாம். ஆனா இவரு நெஞ்சை அடைக்குதுங்கிறாரு. தூக்கம் போச்சு. மாத்திரையை நிறுத்தாம இதையும் சேர்த்துப் பாருங்கன்னு அனுப்பினாரு. என்னத்தை மனசுல போட்டுக்கிட்டாரோ, கேட்டா வாயே திறக்கறதில்ல."

"நானும் கேக்கப் போறதில்லக்கா. தோணுறப்போ அவரே சொல்லட்டும்" என்றாள் டீச்சர்.

மூன்றாவது வாரம் அவர் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கினார். ஐந்தாவது வாரம் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். மனைவி சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பரிமாறினாள்.

இன்று எட்டாவது வாரம். பயிற்சி முடிந்து எழுந்து உட்கார்ந்தார்.

"திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பறீங்களாமே, அக்கா சொன்னாங்க."

"இல்ல டீச்சர். ஆபீஸ்ல ஏதாவது மேஜை வேலை போதும்னு எழுதிக் கொடுக்கப் போறேன்."

"ஏன்? உடம்புதான் தேறிடுச்சே."

"உடம்பு தேறிடுச்சு. அந்த இடத்துல உட்காரத்தான் எனக்கு அருகதை இல்ல."

"எந்த இடத்துல?"

"எஞ்சின்ல. நான் ரயில் ஓட்டுறவன்."

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த டீச்சரின் கை பாதியில் நின்றது. அவர் கவனிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். இத்தனை நாள் மனைவியிடம்கூடச் சொல்லாதது, அணை உடைந்த மாதிரி வந்தது.

"மூணு வருஷம் ஆச்சு. காலையில ஆறரை மணி. நூல் ஆலைக்குப் பின்னாடி ஒரு வளைவு. திரும்பினதும் தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு பொண்ணு நிக்கிறா. முகம் தெரியல, மஞ்சள் துப்பட்டா மட்டும் தெரிஞ்சுது. பிரேக்கைப் போட்டேன். ரயில் என்ன சைக்கிளா, போட்டதும் நிக்க? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். டம்முன்னு ஒரு சத்தம்..."

"அப்புறம்?" டீச்சர் பாதி சுருட்டிய பாயைக் கீழே வைத்தாள்.

"அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கு மேல நான் கேக்கல. சொல்ல வந்த ரயில் கார்டையும் சொல்ல விடல. கேட்டாத்தானே செத்துட்டான்னு சொல்லுவாங்க? விசாரணைக் காகிதத்துல காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன், படிக்கக்கூட இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் வண்டி ஓட்டினேன். அப்புறம் ஒவ்வொரு வளைவுலயும் நெஞ்சு அடைக்க ஆரம்பிச்சுது. ஒரு உசிரை எடுத்தவன் டீச்சர் நான்."

திரும்பிப் பார்த்தவர் பதறிப்போனார்.

டீச்சர் தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. வாய் திறந்திருந்தது, மூச்சுதான் வரவில்லை.

"டீச்சர்! மூச்சை விடுங்க. முதல்ல வெளிய விடுங்க... இந்தா, சீக்கிரம் தண்ணி கொண்டா!"

வெளியே காத்திருந்த மனைவி தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். "ஐயையோ, இந்தப் பொண்ணுகிட்ட என்னத்தைச் சொல்லித் தொலைச்சீங்க?"

ஒரு மிடறு தண்ணீர் உள்ளே போனதும் டீச்சருக்கு மூச்சு திரும்பியது. கூடவே அழுகையும் வந்தது. உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள்.

அவருக்குப் பொறி தட்டியது. ஊரில் எத்தனையோ இடம் இருக்க, இந்த இடத்துக்கா வந்து சேர்ந்தோம்?

"அந்தப் பொண்ணு... உங்களுக்குச் சொந்தமா? அக்காவா, தங்கச்சியா?" இரண்டு கைகளையும் கூப்பினார். "எட்டு வாரமா உங்க கையாலேயே குணமாகிட்டு உட்கார்ந்திருக்கேனே, பாவி! அடிங்க டீச்சர். நாலு அறை அறைங்க."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

டீச்சர் தலையை ஆட்டினாள். கூப்பிய அந்தக் கைகளை அப்படியே தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

"அவ சாகல சார். நீங்க ஹாரன்ல இருந்து கையை எடுக்கவே இல்ல. சாகணும்னு கல்லு மாதிரி நின்னவளை அந்தச் சத்தம்தான் உலுக்கிடுச்சு. கடைசி நொடியில ஓரமாத் துள்ளிட்டா. எஞ்சினோட படிக்கட்டு உரசினதுல மூணு விலா எலும்பு உடைஞ்சுது. நுரையீரல்ல குத்திடுச்சு. மறுபடி ஒழுங்கா மூச்சு விடப் பழகறதுக்குன்னுதான் யோகாவுக்கே வந்தா..."

அவர் நம்ப முடியாமல் அவளையே பார்த்தார். "இப்ப... இப்ப அந்தப் பொண்ணு எங்கம்மா இருக்கா?"

"உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா."