பதினைந்து டிகிரி

மெதுவாகப் பறக்கும் ஒரு விமானத்திலிருந்த சாய்வுமானியைக் கழற்றி, வேகமான விமானம் ஒன்றில் பொருத்தினார்கள். பதினைந்து டிகிரி சாய்ந்தால் ஒரு நிமிடத்தில் அரைவட்டம் திரும்பிவிடலாம் என்பது பழைய இடத்தில் அதற்குப் பழகிப்போன கணக்கு.

ஒருநாள் மேகத்துக்குள் போனபோது, எதிரே மலை இருப்பதாக வானொலி எச்சரித்தது. ஒரு நிமிடத்தில் வந்த திசைக்கே திரும்பியாக வேண்டும். விமானி சாய்த்தார். பதினைந்து வந்ததும் சாய்வுமானி "போதும்" என்றது. அவர் கை நின்றது.

"என்னப்பா போதும்? என் முள் இன்னும் ஒரு நிமிஷத் திருப்பக் கோட்டைத் தொடவே இல்லை" என்று கத்தியது, திரும்பும் வேகத்தைக் காட்டும் திருப்புமானி.

"நான் சரியாத்தான் இருக்கேன். உன் முள்ளுக்குத்தான் என்னமோ ஆச்சு."

"சண்டையிலேயே பத்து விநாடி போச்சு" என்றது கடிகாரம்.

சாய்வுமானி பயந்தது. ஆனால் பயத்தைவிட, ஏன் தொடவில்லை என்ற கேள்விதான் அதைக் குடைந்தது.

"வேகமானி அண்ணே, எவ்வளவு வேகத்துல போறோம்?"

"நூத்திமுப்பது நாட். உன் பழைய விமானம்?"

"நூறு... ஐயோ, வேகம் கூடினா அதே திருப்பத்துக்கு இன்னும் சாயணுமே!"

விமானி இருபதுக்குச் சாய்த்ததும் முள் கோட்டைத் தொட்டது. அரைவட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் மூன்று விநாடி ஆனது. மலை இறக்கைக்கு வெகு அருகில் ஒதுங்கிப் போனது.

தரையிறங்கும் முன் இன்னொரு திருப்பம். இருபது வந்ததும் சாய்வுமானி பெருமையாக "போதும்" என்றது.

"யப்பா, இப்ப கோட்டைத் தாண்டிட்டேன்!" என்றது திருப்புமானி.

சாய்வுமானி வேகமானியின் பக்கம் ஆவலாகத் திரும்பியது. "வேகத்தைக் குறைச்சுட்டாங்களா அண்ணே? இப்ப எவ்வளவு?"