கலர் போகாத தண்ணீர்

"மூணு நாளைக்கு இந்தத் தண்ணிய யாரும் வாயில வைக்கக் கூடாது!"

பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேணுகோபால், ஊர்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்த ஸ்பிரேயரை யாரோ கிணற்று மேட்டிலேயே கழுவியிருந்தார்கள். யாரோ என்ன, பஞ்சாயத்து மெம்பர் குழந்தைவேல்தான். ஊருக்கே தெரியும். ஆனால் அங்கே அதிகமாகச் சத்தம் போட்டதும் அவர்தான்.

"எவன் செஞ்ச வேலைடா இது? கையில கெடச்சா தோல உரிச்சிடுவேன்!"

ஆயில் இன்ஜினை வைத்துக் கிணற்றை இறைத்தார்கள். ஊறிய புதுத் தண்ணீரில் இன்ஸ்பெக்டர் ஏதோ ஒரு கரைசலை வாளியோடு கவிழ்த்தார். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது.

"ஐயையோ, கெணத்தச் சாயத்தொட்டி ஆக்கிட்டாரே!" என்றாள் குழந்தைவேலின் மனைவி மலர்கொடி.

"இது பெர்மாங்கனேட்டும்மா. தண்ணியில உள்ள கெட்டதெல்லாம் தின்னும். தின்னத் தின்ன கலர் போயிடும். கலர் போகாம நின்னா, தின்ன ஒண்ணும் மிச்சமில்லன்னு அர்த்தம்."

சொல்லி முடிப்பதற்குள் கலர் போய்விட்டது. இன்னொரு வாளி ஊற்றினார். அதுவும் போனது.

"மருந்துக்கு நல்ல தீனிதான் இருக்கு உங்க கெணத்துல!"

"அதுவரைக்கும் குடிக்க என்ன சார் பண்றது?" என்றாள் மலர்கொடி.

"காலனிக் கெணத்துல மொண்டுக்குங்க."

ஊர்க் குடம் ஒன்றுகூட அதுவரை காலனிக் கிணற்றில் இறங்கியதில்லை; எல்லாரும் குடங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மதியம் வரை தாக்குப்பிடித்தார்கள். அப்புறம் குடங்களோடு பெண்கள் கிளம்ப, குழந்தைவேல் முன்னே நடந்தார். இன்ஸ்பெக்டரையும் விடவில்லை.

காலனிக் கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்த வேம்பு ஒதுங்கி நின்று, "வாங்க, மொண்டுக்குங்க" என்றாள்.

"பொறு, பொறு!" குழந்தைவேல் இன்ஸ்பெக்டர் பக்கம் சாய்ந்தார். "சார், இதுலயும் ஒரு வாளி மருந்து ஊத்திடுங்க."

"ஏன்? இங்க யாரும் ஸ்பிரேயர் கழுவலையே?"

"அதுக்கில்ல சார்... ஒரு சுத்தத்துக்குத்தான். உங்களுக்குத் தெரியாததா?"

இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. பையிலிருந்து இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்தார். மலர்கொடியின் குடத்தில் மிச்சமிருந்த ஊர்த் தண்ணீரை ஒன்றில் ஊற்றினார். வேம்புவின் வாளித் தண்ணீரை இன்னொன்றில் ஊற்றினார். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து.

ஊர்த் தண்ணீரில் கலர் வந்த வேகத்தில் காணாமல் போனது.

காலனித் தண்ணீர் ரோஸ் கலரில் அப்படியே நின்றது.

"போயிடும் சார், இருங்க" என்று குழந்தைவேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு பீடி தீர்ந்தது. கலர் போகவில்லை. பாட்டிலைக் குலுக்கினார். வெயிலில் காட்டினார். கடைசியில் வாயால் ஊதிக்கூடப் பார்த்துவிட்டார். அது ஜம்மென்று ரோஸாகவே இருந்தது.

"அப்ப எங்க தண்ணியில ஒண்ணும் இல்லீங்களா சார்?" என்றாள் வேம்பு.

"தின்னக்கூட ஒண்ணும் இல்லம்மா."

குழந்தைவேல் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சரி, சரி. மொள்ளுங்க, நேரமாச்சு."

மலர்கொடி குடத்தின் கழுத்தில் கயிற்றை மாட்டினாள். வேம்பு சட்டென்று கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புட்டு வேணுமோ மொண்டுக்குங்கம்மா. கொடத்த மட்டும் சாரோட மருந்துல ஒருதடவ அலசிட்டு எறக்குங்க... ஒரு சுத்தத்துக்குத்தான்!"