ஒரு மூச்சு தூரம்

மூன்று ஊசியும் சுவரில் பட்டு விழுந்தபின் டாக்டர் ஊதுகுழலைக் காப்பாளனிடம் நீட்டினார்.

ஆளுயர அலுமினியக் குழல். உள்ளே மயக்க ஊசியைச் செருகி, வாய் வைத்து ஊத வேண்டும். துப்பாக்கி மாதிரி சத்தம் போடாது. மிருகங்கள் மிரளாது என்பார்கள்.

"நீங்க ஊதுங்கண்ணே. என்னைப் பார்த்தாலே கூண்டு உச்சிக்கு ஏறிடுறா. உங்களுக்குன்னா முதுகு சொறியக் குடுப்பா."

"அதனாலதான் ஊத மாட்டேங்கிறேன்."

"அடுப்பு ஊதினதில்லையா? அந்த மூச்சு போதும்."

"அடுப்பு என்னை நம்பி உக்காந்திருக்காது சார்."

சிரிக்கலாமா என்று டாக்டர் யோசித்தார். காப்பாளனின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது அவருக்கு.

கூண்டுக்குள் பெரியவள். மிருகக்காட்சிசாலையில் இருப்பதிலேயே வயதான சிம்பன்சி. கடைவாய்ப்பல் சீழ் பிடித்து, கன்னம் வீங்கி நாலு நாள். வாழைப்பழத்தை வாயருகே கொண்டுபோய், கீழே வைத்துவிடுகிறாள். இன்று பல்லைப் பிடுங்காவிட்டால் பிழைக்க மாட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே குழல்தான் அவளைத் தூங்க வைத்தது. விழித்தபோது மடியில் குட்டி இல்லை. வேறெங்கோ அனுப்பிவிட்டிருந்தார்கள். அதிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டால் கையில் அகப்பட்டதை எறிவாள்.

எறியட்டும் என்றுதான் காப்பாளன் நினைப்பான். அவனுக்கே எறிய வேண்டும்போல் இருந்தது. அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டவன் மேல். அண்ணே அண்ணே என்று குழைகிற இந்தப் பையன் மேல்.

"கோட்டைக் கழட்டுங்க."

"எதுக்குண்ணே?"

"கழட்டுங்கன்னா."

காப்பாளனுக்குக் கோட்டு தோளில் இறுக்கியது. டாக்டரின் தொப்பியையும் முகக்கவசத்தையும் பிடுங்கி மாட்டிக்கொண்டான். அவரைப் போலவே காலைத் தேய்த்து நடந்தான். கோட்டை வெறுத்துவிட்டுப் போகட்டும். நாளைக் காலை பால் கொண்டுவருகிறவனை வெறுக்கக் கூடாது.

பெரியவள் உச்சிக்கு ஏறவில்லை. எதையும் எறியவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காய்ச்சலில் சோர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

குழலைக் கம்பிக்கிடையில் வைத்தான். கன்னம் உப்ப மூச்சை இழுத்து, உள்ளே கொதித்த அத்தனையையும் ஒரே மூச்சில் ஊதினான்.

தொடையில் தைத்தது.

அவள் கத்தவில்லை. ஊசியைப் பிடுங்கினாள். மருந்து அதற்குள் இறங்கிவிட்டிருந்தது. தள்ளாடி வந்து கம்பியோரம் உட்கார்ந்தாள். உள்ளங்கையில் ஊசியை வைத்து, கையை வெளியே நீட்டி, அவன் வாங்கிக்கொள்வதற்காகக் காத்திருந்தாள்.

தினமும் பால் குடித்த டம்ளரை அப்படித்தான் திருப்பித் தருவாள். அவனுக்கு மட்டும்.

வாங்கிக்கொண்டான். அவள் அங்கேயே சரிந்து தூங்கிப்போனாள்.

"கோட்டு போட்டும் உங்களைக் கண்டுபிடிச்சிட்டாளே" என்றார் டாக்டர்.

காப்பாளன் கோட்டை இழுத்த இழுப்பில் பொத்தான் தெறித்து ஓடியது.

குட்டியை எடுக்கக் குழலோடு போன அன்றும் அவன் போட்டிருந்தது, அப்போதிருந்த டாக்டரின் கோட்டு.