பாக்குக்கு ஒரு நடை

"இது மூண்டாம் தரம்!" இராசாத்தி வேலியோரம் நின்று விரலை மடித்தாள்.

காலையில் வெற்றிலைக்குப் போனார். அடுத்து பாக்குக்கு. இப்போது, உச்சி வெயிலில், சுண்ணாம்புக்கு. முன்வீட்டு விநாயகமூர்த்திக் கிழவர் பொல்லை ஊன்றி ஊன்றிச் சந்திக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். கடைக்கு எதிரே ஆமிக்காரரின் சென்றிக் காவலரண்.

செங்கலடியில் மகள் வீடு எரிந்த பிறகு, செட்டிபாளையத்தில் மகன் வீட்டுக்கு வந்து ஒதுங்கிய மனிசன் அவர்.

"பாத்தீங்களாப்பா? மூண்டையும் ஒரே தரத்தில வாங்கினா என்னவாம்? பெத்த தகப்பனெண்டா இந்த மருமகள் சீதேவிப்பிள்ளை இப்பிடி அலைய விடுவாளா? மாமன்தானே!"

சாய்மனைக் கதிரையில் கிடந்த தகப்பன் கந்தப்போடியார் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இராசாத்தி தன் தகப்பனை அப்படி வைத்திருக்கவில்லை. முன்பெல்லாம் விடிந்தால் தோணியேறி வாவியைக் கடந்து வயல் வட்டைக்கு நடக்கிற கால் அது. ஒருநாள் வட்டைக்குப் போன இரண்டு பேர் திரும்பி வரவேயில்லை. அன்றைக்கே தகப்பனின் பொல்லை எடுத்து முகட்டில் செருகினாள்.

"படலைக் கடப்படி தாண்டினா நான் மனிசியா இருக்கமாட்டன், சொல்லிப்போட்டன்!"

இரண்டு வருசமாகிவிட்டது. கதிரைக்கே சோறு, கதிரைக்கே தேத்தண்ணி. 'கந்தப்போடி குடுத்து வச்சவர்' என்று ஊரே சொன்னது. போன மாசியிலிருந்துதான் அவர் வாயில் ஆக்களின் பேர்கள் மாறி மாறி வரத் தொடங்கின. வயசுதானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்த நேரம் சீதேவிப்பிள்ளை இடுப்பில் குடத்தோடு கிளம்பினாள். வளவுக்குள் கிணறு கிடக்கிறது, இவளுக்கு ஊர்க்கிணறு கேட்கிறது!

இராசாத்தி ரோட்டுக்கே வந்துவிட்டாள்.

"நில்லுகா! கிழவனை வெயிலுக்க விட்டுப்போட்டு நீ எங்க ஊர் சுத்தப் போறாய்?"

"மெல்லக் கதைகா, மாமாக்குக் கேட்டிரும்." சீதேவிப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "மாரி மழைக்க விழுந்து ஒண்டரை மாசம் படுக்கையில கிடந்தவரெல்லா? எழும்பேக்க என்ட புள்ளைட பேரே தெரியல்ல. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயாதான் சொன்னார், 'காலைப் படுக்க வச்சா தலையும் படுத்திரும் புள்ள, நடக்க வை' எண்டு."

"அதுக்கு?"

"சும்மா நடங்க மாமா எண்டா, 'நான் என்ன அவிட்டு விட்ட மாடா' எண்டு கேக்கிறார். வெத்திலை எண்டா மட்டும் மலையும் ஏறுவார். அதான் மூண்டு நடையாப் பிரிச்சு விட்டிருக்கன்."

"சென்றிக்காரன் பிடிச்சா?"

"அதுக்குத்தானே இந்தக் குடம். மூண்டு தரமும் பின்னாலயே போறன். என்னைக் கண்டா வெக்கத்தில நிண்டிருவார்."

இராசாத்தி குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காலையிலிருந்து இந்தக் குடத்தைத்தான் ஏளனமாய்ப் பார்த்திருந்தாள்.

கிழவர் திரும்பி வந்தார்; சீதேவிப்பிள்ளை குடத்தோடு கிணற்றுப் பக்கம் நழுவினாள்.

"என்ன இராசாத்தி, வெயிலுக்க நிக்கிறாய்? கந்தப்போடி எப்பிடி? கடைக்கார இலட்சுமிப்பிள்ளைட பேத்திக்கு ஆவணி பதினொண்டில கலியாணமாம், அப்பாட்டச் சொல்லு." கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "என்ட மருமகளுக்கு நான் காணல்ல எண்டு நினைப்பு. வெறுங்குடத்தோட தண்ணிக்குப் போறவளை ஆருக்குப் புள்ள தெரியாது? நான் நிண்டா அவளும் நிக்கோணும். பாவம், வெயில்."

இராசாத்திக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு ஓடினாள். முகட்டில் கிடந்த பொல்லை இழுத்தபோது இரண்டு வருசத்துத் தூசி தலையில் கொட்டியது. முந்தானையால் அதைத் துடைத்துத் தகப்பன் கையில் வைத்தாள்.

"எழும்புங்கப்பா. கடை மட்டும் போயிற்று வருவம். உங்களுக்கு வெத்திலை வாங்கித் தாறன். நானும் கூட வாறன்."

பிடித்துத் தூக்கினாள். பொல்லில் முழுப் பாரத்தையும் போட்டார். ஆனாலும் ஓரடி வைத்தார். இன்னோர் அடி. முற்றத்தைக் கடக்கிற வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். வட்டை, வாவி, தோணி, ஆவணிக் கலியாணம் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள்.

படலையைத் திறந்தாள்.

கந்தப்போடியார் நின்றுவிட்டார். ஒரு கையால் படலைக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். ரோட்டைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை, வழியால் போகிற ஆரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வேணாம் தங்கச்சி," என்றார் மெதுவாக. "கடப்படி தாண்டினா என்ட மகள் இராசாத்தி ஏசுவாள்."