மழையே பெய்யாத ஊர்

வேலையை ஒப்புக்கொள்ளுமுன் அந்தப் பாலைவன நகரத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அருணகிரிதான் மனைவி செண்பகவல்லியை அழைத்து வந்திருந்தான். வந்ததிலிருந்து அவன் குறையாகவே அடுக்கினான். வாடகை பாதிச் சம்பளத்தைத் தின்றுவிடும், பகலில் வெளியே தலைகாட்ட முடியாது, வருஷம் முழுக்க மழையே கிடையாது. கடைசிக் குறையைக் கேட்டதும் அவள் நிமிர்ந்தாள்.

"மழையே பெய்யாதாங்க?"

ஊரில் பாதி வத்தலை மழைக்கும் மீதியைக் காக்காய்க்கும் பறிகொடுத்தவள் அவள். மறுநாள் விடிந்ததும் தங்கியிருந்த வீட்டில் அரிசிக்கூழ் கிண்டி, மொட்டைமாடியில் அவன் வேட்டியை விரித்து அதில் வத்தல் பிழிந்துவிட்டாள். ஒரு காக்காய்கூட எட்டிப்பார்க்கவில்லை. மத்தியானம் போய் அள்ளினால் வத்தல் கலகலவென்று சத்தம் போட்டது.

"ஊர்ல நாள்கணக்கா காயப்போடணும்! இங்க கடையே வைக்கலாம்ங்க!" என்று துள்ளியவள், ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

பல்லுக்கடியில் நறநறவென்று மணல். அருணகிரி அவள் முகத்தையே பார்த்தான். அவள் மணலோடு மென்று விழுங்கினாள்.

"குடி வரும்போது என் பழைய நைலக்ஸ் சேலையெல்லாம் மறக்காம எடுத்து வைக்கணும்ங்க. வத்தலுக்கு மேல பந்தல் மாதிரி கட்டிருவோம்."